ஒரு முழங்கைக்கு அஞ்சலி

இட்லி விற்கும் ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சைக்கிள் மிதித்து உண்டாக்கிய லைனை ஒரே வாரத்தில் இழக்கவிருந்தார். இதில் தவறாக யோசித்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. மும்பையில் செம்பூர் காலனியில் இருந்த நாங்கள் சரியாக யோசித்தோம். தாராவியில் இருந்த அவரும் சரியாகத்தான் யோசித்தார். எல்லோருமாகச் சேர்ந்து சரியாக யோசித்ததில் அவர் வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்குச் செத்தும் போனார்.

முப்பது வருடம் செய்தி மேசையில் உட்கார்ந்திருந்த பழக்கம், விஷயத்தை முதல் பத்தியில் போட்டுவிட்டேன். அனுமானத்தைத் தர்க்கம் என்று சொல்லலாமா கூடாதா என்று அந்த வாரம் முழுக்க எங்கள் லிஃப்டில் வாதம் நடந்தது. இனி நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தாராவியிலிருந்து விடியும்போதே இட்லி சைக்கிள்கள் கிளம்பிவிடும். பின்னால் கேரியரில் துணி போட்டு மூடிய அலுமினிய அண்டா. ஹேண்டிலின் ஒரு பக்கம் சட்னித் தூக்கு, மறு பக்கம் சாம்பார்த் தூக்கு, நடுவே ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன். ஒவ்வொருவருக்கும் ஒரு லைன் உண்டு. செம்பூர் லைன், சயான் லைன், மான்குர்த் லைன். ஒருவருடைய லைனில் இன்னொருவர் போய் ஹாரன் அமுக்க மாட்டார். எங்கும் எழுதிவைக்காத ஒப்பந்தம் இது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஏழு நாள் ஒரு லைனின் பெரிய நிறுத்தத்தில் ஹாரன் கேட்கவில்லை என்றால் அது விட்டுப்போன லைன். அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் காலனியில் பதினொரு கட்டடங்கள், ஒரே கேட். செம்பூர் லைனில் பெரிய நிறுத்தம் அதுதான்; அவருடைய அண்டாவில் பாதி எங்களிடமே காலியாகிவிடும். காலை ஏழு நாற்பதுக்கு கேட்டில் 'பாம், பாம்' என்று இரண்டு முறை கேட்கும். பதினொரு கட்டடத்திலிருந்தும் பாத்திரங்கள் இறங்கி வரும். விடுமுறை நாட்களில் பலருக்கு அதுதான் அலாரம். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. இந்திக்காரர்களுக்கு அவர் இட்லி அண்ணா. தமிழர்களுக்கு வெறும் இட்லி. 'இட்லி வந்தாச்சு' என்றால் வந்தது ஆளா பலகாரமா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அவருடைய போன் நம்பரும் யாரிடமும் கிடையாது. தினமும் வருகிறவருக்கு எதற்கு போன்?

கடந்த மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ஹாரன் கேட்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். மாட்டுங்காவில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, அங்கேயே கல்லூரியில் பாடம் நடத்தி, மகன் வாங்கிய வீட்டுக்காகச் செம்பூருக்கு வந்தவர். இன்றும் மாட்டுங்காவை 'நம்மூர்' என்பார். செம்பூரை 'இங்கே' என்பார். அன்று லிஃப்டில் என்னைப் பிடித்தார்.

"ஏம்மா, இன்னிக்கு இட்லி வரலியே, கவனிச்சேளா?"

"கவனிச்சேன் சார். ஏன்னு தெரியலை."

"தெரியறதுக்கு என்ன இருக்கு? மே மாசம். தாராவில பாதிப்பேர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிளம்பிடுவா. இவர் திருநெல்வேலிப் பக்கம். ஆகவே இவரும் போயிருக்கார். முடிஞ்சுது."

"அவர் சொன்னாரா?"

"சொல்லணுமா என்ன? அனுமானம்."

"எங்க ஆபீஸ்ல இந்த வரியை அப்படியே அடிச்சிடுவோம் சார்."

"உங்க ஆபீஸ்லயா! தினம் 'நம்பப்படுகிறது, நம்பப்படுகிறது'ன்னு போடறேளே, யாரும்மா நம்பறா?"

முப்பது வருடமாக நானும் அந்த ஆளைத்தான் தேடுகிறேன். அவர் விடவில்லை. இறங்க வேண்டிய மாடியில் இறங்காமல் கதவை ஒரு காலால் தடுத்துக்கொண்டு சொன்னார்: "கணக்குல 'எக்ஸ்னு ஒண்ணு இருக்குன்னு வச்சுப்போம்'னுதான் ஆரம்பிப்போம். வச்சுக்கலேன்னா கணக்கே கிடையாது. வச்சுக்கறது தப்பில்லே. வச்சுண்டோம்கறதை மறந்துடறதுதான் தப்பு."

நல்ல வாக்கியம். செவ்வாய்க்கிழமைக்குள் அவரே அதை மறந்துவிட்டார்.

செவ்வாயன்றும் ஹாரன் இல்லை. காலனியின் வாட்ஸ்அப் குழு விழித்துக்கொண்டது. கொடைக்குப் போவதானால் அவர் ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு பாத்திரத்திடமும் சொல்லிவிட்டுத்தான் போவார். இம்முறை சொல்லவில்லை. எனவே கொடை இல்லை, உடம்புக்கு ஏதோ. புதன்கிழமை இன்னொருவர் நினைவுபடுத்தினார்: இடுப்பளவு தண்ணீர் நின்ற மழையில்கூட அண்டாமேல் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு வந்தவர் அவர்; காய்ச்சலோடும் வந்திருக்கிறார். அப்படிப்பட்டவர் மூன்று நாள் வரவில்லை என்றால் அது சின்ன உபாதையாக இருக்க முடியாது. வியாழக்கிழமை பகலில், டி விங்கில் ஒருவருடைய டிரைவர் சயான் பக்கம் ரோட்டில் ஒரு கூட்டத்தையும் வளைந்த சைக்கிள் ஒன்றையும் பார்த்ததாகச் செய்தி வந்தது. எந்த நாள் பார்த்தார், யாருடைய சைக்கிள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தேவைப்படவில்லை. ஒவ்வொரு படியும் முந்தைய படிமேல் அத்தனை பொருத்தமாக உட்கார்ந்திருந்தது.

மாலை ஆறரை மணிக்கு யாரோ ஒரு கைகூப்பிய படத்தைக் குழுவில் போட்டார். அரை மணி நேரத்தில் நாற்பத்தோரு கைகள் கூப்பின.

அடுத்து, அஞ்சலி செலுத்த அவருடைய புகைப்படம் வேண்டும் என்றார்கள். இருபத்திரண்டு வருடத்தில் எங்களில் ஒருவர்கூட அவரைப் படம் எடுத்ததில்லை. தேடித் தேடி, பி விங் மூன்றாம் நம்பர் அம்மாள் எப்போதோ தன் பேரனை இட்லி சைக்கிள் பக்கத்தில் நிறுத்தி எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் பேரன், பாதி அண்டா, அப்புறம் இட்லிக்காரரின் வலது முழங்கை. பேரனை வெட்டி எடுத்துவிட்டார்கள். தழும்போடு கூடிய அந்த முழங்கைக்கு மெழுகுவத்தியும் பூவும் வந்து குவிந்தன. 'இப்படி ஒரு மனிதரை இனிப் பார்க்க முடியாது' என்று ஒருவர் எழுதினார். அந்தப் படத்தை வைத்துப் பார்த்தால் அது உண்மைதான்.

இதற்கிடையில் காலனியில் வேறு இரண்டு மாற்றங்கள் நடந்திருந்தன. காலனி செக்ரட்டரி மராத்திக்காரர், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறவர். முந்தைய ஞாயிறு மாலை அவர் கேட்டில் ஒரு புது போர்டு மாட்டினார்: ஹாரன் அடிக்கக் கூடாது. அன்றே பழைய வாட்ச்மேன் போய் புது வாட்ச்மேன் வந்தார். இந்த இரண்டையும் இட்லியோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை செக்ரட்டரி என் வீட்டு மணியை அடித்தார். ஞாயிறு காலை, அதே ஏழு நாற்பதுக்கு, கேட்டில் எல்லோரும் கூடி இரண்டு நிமிடம் மௌனம் அனுசரிப்பது என்று முடிவாகியிருந்தது. நான் பத்திரிகைக்காரி ஆனதால் இரங்கல் குறிப்பை நான் எழுத வேண்டும், இந்தியில் நாலு வரி, தமிழில் நாலு வரி.

"பெயர்?" என்றேன்.

அவர் யோசித்தார். "இட்லி அண்ணா."

"வயது?"

அவர் கையை விரித்தார்.

"இறந்தது உறுதியா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. நாற்பத்தோரு பேர் கைகூப்பிய பிறகு இப்படி ஒரு கேள்வியா?

ஆளை விசாரிக்காமல் இரங்கல் எழுதுவதில்லை என்பது என் மேசையில் நான் யாருக்காகவும் தளர்த்தாத ஒரே விதி. சனிக்கிழமை தாராவிக்குக் கிளம்பினேன். தானும் வருவதாகப் பேராசிரியர் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். சயானில் பஸ்ஸை விட்டு இறங்கினால் தாராவி நடக்கிற தூரம். அவர் இறங்கவில்லை. "கிங்ஸ் சர்க்கிள்ல ஒரு சின்ன வேலை. வழிதான்" என்றார். அது வழியே இல்லை, சயானைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும்.

சின்ன வேலை கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய மாட்டுங்காவில், ஒரு பூக்கடையில் இருந்தது. அவர் ஒரு மாலை கேட்டார். பூக்கார அம்மாள் நூலைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்தார்.

"நல்லதுக்கா சாமி, மத்ததுக்கா?"

"இன்னும் தீர்மானமாகலேம்மா."

"இது என்னா கூத்து? ஆளு இருக்காரா, இல்லியா?"

"அதைப் பாக்கத்தான் போயிண்டிருக்கோம்."

பூக்கார அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரம் என்று வந்தபின் பூக்காரர்கள் தத்துவம் பேசுவதில்லை. "சரி, ரெண்டுக்கும் தாங்குற மாதிரி கட்டறேன். ரோஜா வேணாம், கல்யாணக் களை வந்துரும். சாமந்தி, நடுவுல துளசி. வாசல்ல நின்னு பாத்துட்டு மூஞ்சிய மட்டும் மாத்திக்குங்க."

மாலை துணிப்பைக்குள் போனது. "தொண்ணூறு சதவீதம் வாய்ப்பு இருக்கு. வெறுங்கையோட போனா நன்னா இருக்காது" என்றார் பேராசிரியர். மீதிப் பத்துக்கு என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை.

தாராவியில் விலாசம் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று போகாதவர்கள் சொல்வார்கள். எங்களிடம் பெயரே இல்லை, ஆனால் ஐந்து நிமிடம்தான் ஆனது. டீக்கடையில், "செம்பூர் லைன்ல இட்லி போடுறவர்…" என்று நான் ஆரம்பித்ததும் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்:

"செம்பூர் லைனா? அவரு நாளையிலேர்ந்து மான்குர்த் லைனுல்லா! நேரா போங்க, அம்மன் கோயில் தாண்டி நீலக் கதவு."

பேராசிரியரின் கை துணிப்பையின் வாயை இறுக்கிப் பிடித்தது. நாளையிலிருந்து மான்குர்த் போகிறவர் இன்று உயிரோடு இருக்க வேண்டும். இதை அனுமானிக்கக் கணக்கு தேவையில்லை. அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஒரு துளி ஏமாற்றமும் தெரிந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும்.

நீலக் கதவு திறந்திருந்தது. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் லுங்கியோடு குந்தியிருந்து இட்லித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் முதலில் பார்த்தது அவருடைய வலது முழங்கையை. தழும்பு சரியாக இருந்தது.

"வாங்கக்கா! வாங்க சார்! என்ன இம்புட்டுத் தூரம்?" என்று எழுந்தார். பின்னால் அவர் மனைவி கிரைண்டரை நிறுத்திவிட்டு முந்தானையில் கை துடைத்தபடி வந்து எங்களை உட்காரவைத்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றேன். என் வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு அத்தனை ஆவலாகப் பதிலை எதிர்பார்த்ததில்லை.

"எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்."

"பின்னே ஏன் ஆறு நாளா வரலே?" என்று பேராசிரியர் பாய்ந்தார். கணக்கில் விடை தப்பிப்போன கோபம் அது.

"யாரு வரல? நாந்தான் தெனமும் வாரேன்லா! நீங்கதான் ஒருத்தரும் வரல."

பிறகு அவர் சொன்னது இது. திங்கட்கிழமை வழக்கம்போல ஏழு நாற்பதுக்கு வந்திருக்கிறார். ஹாரனில் கை வைத்தபோது புது போர்டு கண்ணில் பட்டிருக்கிறது. எழுத்தை அவர் படிக்கவில்லை. அதில் படம் இருந்தது.

"என் ஹாரன் படத்தப் போட்டு, அது மேல செவப்புல ஒரு கோடு போட்டிருக்கு சார்."

"அது கார்களுக்குய்யா!"

"காருக்கா?" அவர் வாசலில் நின்ற சைக்கிளுக்குப் போனார். பித்தளை ஹாரனைக் கழற்றிக் கொண்டுவந்து பேராசிரியரின் மடியில் வைத்தார். "இந்தா இருக்கு பாருங்க. வாய் அகலமா, பின்னால ரப்பர் பந்து. போர்டுல இருக்கதும் இதேதான். ஒங்க காலனிக்குள்ள வார எந்தக் காருல இந்த ஹாரன் இருக்கு? ஒண்ணு சொல்லுங்க."

பேராசிரியர் மடியிலிருந்த ஹாரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த போர்டை ஆறு நாளாகப் பார்த்திருக்கிறேன். உண்மைதான். அகன்ற வாய், வளைந்த குழல், ரப்பர் பந்து. அப்படிப்பட்ட ஹாரன் வைத்த காரை நான் பிறந்ததிலிருந்து தெருவில் கண்டதில்லை. எங்கள் கேட்டுக்கு வருகிற வாகனங்களில் அப்படி ஒரு ஹாரன் உள்ளது ஒன்றே ஒன்றுதான். அது இப்போது பேராசிரியரின் மடியில் இருந்தது.

"அப்ப அது யாருக்குப் போட்ட போர்டு?" என்றார் இட்லிக்காரர்.

பேராசிரியரின் முகம் மெல்ல மலர்ந்தது. நாற்பது வருடம் கரும்பலகை முன் நின்றவருக்குப் பிழையில்லாத ஒரு நிரூபணத்தைப் பார்த்தால் வருகிற சந்தோஷம். "ஏம்மா, இதுல ஓட்டையே இல்லேம்மா!" என்று என்னைப் பார்த்துக் கிட்டத்தட்டக் கூவினார்.

"வாட்ச்மேன்கிட்டயும் கேட்டேன் சார். 'ஹாரன் மனா ஹை, ஆர்டர் ஹை'ன்னுட்டாரு. ஹாரன் கூடாதாம், ஆர்டராம். பெறவு என்னத்தக் கேக்க? கேட்டு முன்னால நிக்க வேண்டாம்னு முக்கு மரத்தடியில சத்தம் காட்டாம பத்து நிமிசம் நிப்பேன். வேணும்னா வருவாகன்னுதான். ஒரு குஞ்சு குருமான் வரல. வாட்ச்மேன் மட்டும் நாலு இட்லி வாங்கித் திம்பாரு. தெனமும்."

நான் வாட்ச்மேனை அந்த ஆறு நாளில் குறைந்தது பன்னிரண்டு முறை கடந்து போயிருக்கிறேன். சம்பவ இடத்தில் இருந்த ஒரே சாட்சி, வாயோரத்தில் சட்னியோடு. அவரைத் தவிர எல்லோரையும் கேட்டோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு நிருபர் இதைச் செய்திருந்தால் நான் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அப்போது அவர் மனைவி மூக்கை உறிஞ்சினார். துளசி வாசனை.

"சார் பையில என்ன, மாலையா?"

பேராசிரியர் பையை மறைத்தார். மாலைப் பையை மறைப்பது எளிதல்ல.

"யாருக்கு?"

"இவருக்குத்தாம்மா. இருபத்திரண்டு வருஷ சேவை…"

"சேவைக்குத் துளசி வச்சா கட்டுவாக?" அவர் ஒரு கணம் எங்களைப் பார்த்தார், பிறகு கணவரை, பிறகு மீண்டும் பையை. அவருடைய அனுமானம் மட்டும் முதல் முயற்சியிலேயே சரியாகப் போய் விழுந்தது. கிரைண்டர்மேல் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "இங்க பாருங்க, ஒங்கள அவங்க கொன்னு போட்டாங்க! மாலையோட வந்திருக்காங்க! போயிப் படுங்க, போட்டுட்டுப் போவட்டும்!"

"நானா?" என்றார் அவர். "எப்பம்?"

"வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு" என்றேன். நேரம் கேட்டால் சொல்லிவிடுவது பழக்கமாகிவிட்டது.

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "அந்த நேரம் உளுந்து ஊறப்போட்டுட்டு இருந்தேன்லா…"

நான் போனை எடுத்துக் குழுவைக் காட்டினேன். ஒவ்வொன்றாக வாசித்தேன். முழங்கையை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். பி விங் மூன்றாம் நம்பர் அம்மாள் 'அவர் சட்னி போல இனி யார் அரைப்பார்' என்று எழுதியிருந்ததை வாசித்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"யாரு, மூணாம் நம்பரா? சட்னி தண்ணியா இருக்கு, தண்ணியா இருக்குன்னு இருவது வருசமா என்கிட்ட சண்ட போட்ட அம்மாவா? இன்னொருவாட்டி படிங்கக்கா!"

இன்னொரு முறை படித்தேன். அவர் மனைவி, "செத்தாத்தான் நல்ல பேரு. பேசாம செத்தே இருங்க" என்றார். பேராசிரியர் மடியில் ஹாரனோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அவர் கை பட்டு அது ஒரு முறை 'பாம்' என்றது. அந்த ஒற்றைச் சத்தத்தில் எல்லோரும் சட்டென்று அமைதியானோம்.

இட்லிக்காரர் ஹாரனை வாங்கிக்கொண்டார். "எல்லாம் சரிக்கா. ஆனா போர்டு இருக்குல்லா?"

விஷயம் அங்கேதான் இருந்தது. அவர் மச்சான் ஊரோடு போகிறார். அவருடைய மான்குர்த் லைன் காலியாகிறது. எங்கள் காலனியில் பாதி அண்டா அப்படியே திரும்பி வந்த ஆறு நாளுக்குப் பிறகு, அந்த லைனை எடுத்துக்கொள்வதாக இவர் சொல்லியிருந்தார். ஞாயிறு காலை முதல் மிதிக்க வேண்டும். "மான்குர்த் இன்னும் அம்புட்டுத் தூரம். பாலம் ஏத்தம். இவுக முட்டி ஏற்கெனவே சத்தம் போடுது, ஹாரனே வேண்டாம்" என்றார் மனைவி. இப்போது அவர் சிரிக்கவில்லை. ஞாயிறு ஏழாவது நாள். அன்றும் எங்கள் கேட்டில் ஹாரன் கேட்கவில்லை என்றால் செம்பூர் லைன் விட்டுப்போன லைன்.

செக்ரட்டரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஆள் உயிரோடு இருக்கிறார் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உறுதியா?" போர்டைப் பற்றிக் கேட்டேன். கடையில் தயாராக இருந்தது, வாங்கினேன், படத்தை யார் பார்த்தார்கள் என்றார். கழற்றிவிடலாமா என்றேன். கமிட்டி கூடாமல் கழற்ற முடியாது என்றார்.

"பாத்தியளா?" என்றார் மனைவி. "போர்டு இருக்கும்."

போர்டு உங்களுக்கு இல்லை என்று நாங்கள் சொல்லலாம். நிரூபிக்க முடியாது. போர்டில் இருப்பது அவர் ஹாரன்தான். இட்லிக்காரர் துணியால் ஹாரனைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"ஒண்ணு செய்யுதேன். காலையில அண்டாவோட மொதல்ல ஒங்க கேட்டுக்குத்தான் வாரேன். ஒரே ஒருவாட்டி அமுக்குதேன். ஆளு வந்தா அது என் லைன். யாரும் வெரட்டுனா, அப்பிடியே மான்குர்த்துக்கு மிதிச்சிருவேன். மச்சான அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லுதேன்."

திரும்பி வரும்போது பஸ் சயான் தாண்டியதும் பேராசிரியர் சொன்னார்: "நாம ஒரு வாரம் யோசிச்சோம். அவரும் யோசிச்சார். கடைசில அவர்தாம்மா அமுக்கிப் பாத்துடறேங்கறார்." துணிப்பை காலியாக இருந்தது. வந்த மாலையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று இட்லிக்காரரின் மனைவி அதைச் சைக்கிள் ஹேண்டிலில் சுற்றிவிட்டிருந்தார்.

அன்று மாலை குழுவில் எழுதினேன்: 'இட்லி அண்ணா உயிருடன், நலமாக இருக்கிறார். நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது. நாளை காலை 7.40க்கு வருகிறார். ஹாரன் கேட்டதும் இறங்கி வரவும்.' இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது.

ஞாயிறு ஏழு முப்பதுக்குக் காலனி முழுவதும் கேட்டில் நின்றது. ஹாரன் கேட்ட பிறகு இறங்கினால் போதாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்திருந்தார்கள். எல்லோர் கையிலும் பாத்திரம். பி விங் மூன்றாம் நம்பர் அம்மாள் ஒரு கையில் தூக்கும் மறு கையில் மெழுகுவத்தியும் வைத்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. ஹாரன் தெளிவாகக் கேட்க வேண்டும், யாரும் பேசக் கூடாது என்று செக்ரட்டரி உத்தரவு போட்டார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுக்கூட விடாமல் நின்றோம்.

ஏழு நாற்பதுக்கு அவர் முனை திரும்பினார். ஹேண்டிலில் சாமந்தி மாலை. கை ஹாரனுக்குப் போவதைப் பார்த்தேன். அப்போது அவர் எங்களைப் பார்த்தார்.

கை நின்றது. காலை ஊன்றினார். காலை வேளையில் கேட்டில் இத்தனை பேர், ஒரு சத்தம் இல்லை, ஒரு மெழுகுவத்தி. அவர் சைக்கிளிலிருந்து இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். ஒரு வீட்டில் துக்கம் என்றால் அந்த வாசலில் ஹாரன் அமுக்குகிற ஆள் அவர் இல்லை.

நாங்கள் ஹாரனுக்காகக் காத்திருந்தோம். அவர் எங்கள் துக்கத்துக்காகக் காத்திருந்தார். நான் கத்தியிருப்பேன். "இரும்மா, சோதனையைக் கலைக்கப்படாது" என்று பேராசிரியர் என் கையைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம். ஒன்றரை. ஏற்பாடு செய்திருந்த மௌனம், யாருக்காக ஏற்பாடு செய்தோமோ அவர் முன்னிலையிலேயே, குறித்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. அவர் சைக்கிளின் முன்சக்கரத்தை மெல்லத் திருப்பினார். மான்குர்த் அந்தப் பக்கம்.

ஆனால் போகுமுன் விசாரிக்காமல் போவது மரியாதை இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாட்ச்மேனிடம் வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். அந்த அமைதியில் பதினொரு கட்டடத்துக்கும் கேட்டது.

"கோன் கயா, பாய்?"

யார் போனது என்று கேட்கிறார். வேலைக்கு வந்து ஒரு வாரமாக அந்த வாட்ச்மேனிடம் காலனியில் யாரும் எதையும் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து நின்று, தனக்குச் செக்ரட்டரி வெள்ளிக்கிழமை சொல்லியிருந்ததைச் சொன்னார்.

"ஆப்."

நீங்கதான்.

முதலில் சிரித்தது இட்லிக்காரர். பிறகு மூன்றாம் நம்பர் அம்மாள், பிறகு யார் எந்த வரிசையில் என்று சொல்ல முடியாது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்தபடியே அவர் ரப்பர் பந்தை அமுக்கினார். ஒரு முறை என்றுதான் சொல்லியிருந்தார். நான் எண்ணியவரை ஒன்பது முறை. செக்ரட்டரி போர்டைப் பார்த்தார், ஹாரனைப் பார்த்தார், பிறகு தன் பாத்திரத்தை நீட்டினார். கமிட்டி இன்னும் கூடவில்லை. போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன் கீழேதான் அவர் தினமும் அமுக்குகிறார்.

எட்டு மணிக்கு அண்டா முழுவதும் காலி. பாதி இல்லை, முழுவதும். அவர் அண்டாவைத் துணியால் மூடிவிட்டு மச்சானுக்குப் போன் போட்டார். "மச்சான், மான்குர்த்துக்கு வேற ஆளப் பாத்துக்கிடும். எனக்கு இங்கனயே சோலி கெடக்கு" என்றார்.

போவதற்கு முன், தனியாக எடுத்துவைத்திருந்த நாலு இட்லியை வாட்ச்மேனின் தட்டில் வைத்தார். மேலே சட்னி ஊற்றினார். மூன்றாம் நம்பர் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் தண்ணியாத்தான் இருக்கு" என்றார்.